வெள்ளைத் தாளும் நிறப்பென்சிலும்

உடுப்பிட்டியிற் பிறந்த பிள்ளையொன்று முதன்முதலாக எழுதும் பரப்பு கடுதாசியன்று. விசயதசமி நாளில் ஏடு தொடக்கும்போது தாம்பாளத்திற் பரப்பிய பச்சரிசியிலேயே அதன் சுட்டுவிரலைப் பிடித்து எழுதுவிக்கின்றனர். முந்திய தலைமுறையினர் அதன்பின் மணலில் எழுதினர். ஓலையில் எழுத்தாணியாற் கீறினர். கற்பலகையிற் கற்குச்சியால் எழுதி, எழுதியதை எச்சில் தொட்டு அழித்தனர். அரிசியில் எழுத்தென்பது விலக்கப்பட்ட இடம். ஓலையில் அது பள்ளம். கற்பலகையில் அது படிவு. எழுதப்படும் அகரம் ஒன்றேயாயினும் பரப்பு மாறுந்தோறும் கையின் தொழில் மாறுகின்றது என்பதை எழுத்தறியாப் பிள்ளையின் விரலும் அறிந்துகொள்கின்றது. அந்த அறிவைப் பாடசாலைச் சித்திர வகுப்பு முதல் வாரத்திலேயே பறித்துவிடுகின்றது என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

சித்திர வகுப்பிற் பரப்பு என்றொரு பொருள் இல்லை. வெள்ளைத் தாள் உண்டு; அதுவும் இல்லாததுபோலவே கருதப்படுகின்றது. கோடு, வடிவம், நிறம், இடவெளி, சமநிலை ஆகியவற்றுக்குப் பாடங்கள் உள. தாளின் சொரசொரப்பு, அதன் நிறம், அதன் நீருறிஞ்சும் இயல்பு என்பனவற்றுக்குப் பாடம் இல்லை. இக்குறையிலிருந்து இன்னொரு தவறு கிளைக்கின்றது. ஊடகங்களை ஏணிப்படிகளாக அடுக்கி வைக்கும் வழக்கமே அது. கீழ்ப்படியில் நிறப்பென்சில், அதற்குமேல் பஸ்ரல், பின்னர் நீர்வண்ணம், உச்சியிலே கன்வசும் எண்ணெய் வண்ணமும். நிறப்பென்சில் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு உரியதென்றும், பிறந்தநாட் பரிசாகக் கொடுக்கத்தக்க பெட்டியென்றும், மீசை முளைத்தபின் அதைக் கையிலெடுப்பது சிறுபிள்ளைத்தனமென்றும் கருதுவார் பலர். பல்கலைக்கழகம்வரை வந்த மாணவர் சிலரும் இவ்வாறே பேசக் கேட்கலாம். எண்ணெய் வண்ணமும் கன்வசும் வாங்க வகையற்ற கிராமத்து மாணவன் ஒருவன் இந்த ஏணியைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவான்? ஓவியம் என்பது காசுள்ளவன் ஏறும் மாடி. தனக்குக் கிடைத்தது அதன் வாசற்படி மாத்திரமே. இம்முடிவுக்கு அவன் வந்தபின் அவனுக்கு ஓவியக்கலை வரலாற்றை எத்தனை விரிவுரைகளிற் போதித்தாலும் பயன் சிறிதே.

இந்த ஏணி பொய்யானது. நிறப்பென்சிலின் உட்கூறு எத்தகையது என்று நோக்கினால் அது தெளிவாகும். காரீயப் பென்சிலின் உட்குச்சி களிமண்ணுடன் கலந்து சூளையிற் சுடப்படுவது. 1795 இல் பிரான்சியரான கொன்ரே கண்ட அம்முறை இன்றும் நிலைபெற்றுள்ளது. நிறப்பென்சிலை அவ்வாறு சுட முடியாது. சுட்டால் அதிலுள்ள மெழுகு உருகிவிடும். நிறத்தூள், வெண்களி முதலிய நிரப்பிகள், பசை, மெழுகு அல்லது எண்ணெய் என்பனவற்றைப் பிசைந்து குச்சியாக்கி உலர்த்துவதே அதன் செய்முறை. ஆகவே அது தன் இயல்பில் மென்மையானது. தன்னைத் தேய்த்தெடுக்கும் ஒரு பரப்பின்றி அதனால் எதுவுமே செய்ய இயலாது. தாளின் நார்கள் நுண்ணிய அரம்போல நின்று நிறத்தைச் சுரண்டிக் கொள்கின்றன. மேடுகள் நிறம் பெறுகின்றன. பள்ளங்கள் வெறுமையாய் நிற்கின்றன. அவ்வெறுமையே நிறப்பென்சிலோவியத்துக்கு மூச்சுவிட இடந்தருவது. மீண்டும் மீண்டும் தேய்த்துப் பள்ளங்களும் நிரம்பிவிட்டால் பரப்பு வழுக்கத் தொடங்கும். அதன்பின் எந்நிறமும் அதன்மேல் ஏறாது.

எண்ணெய் வண்ணம் பரப்பை மூடி மறைக்கவல்லது. நீர்வண்ணம் அதனுள் ஊறுவது. நிறப்பென்சில் ஒன்றே பரப்போடு ஓயாது உரசி, அதன் குணங்குற்றங்களை ஒளிக்காமற் காட்டிக்கொடுப்பது. எனவே பரப்பைப் பற்றிய கல்விக்கு அதனினும் சிறந்த ஆசான் இல்லை. பரப்பே இல்லையெனப் பாவிக்கும் வகுப்பறையில் அது வெறும் நிறந்தீட்டும் குச்சியாகக் குன்றிப்போனதில் வியப்பொன்றுமில்லை. குற்றம் குச்சியினதன்று.

அதே பென்சிலை வேறு பரப்புகளிலே வைத்துப் பார்க்கலாம். கடையிற் சாமான் சுற்றித்தரும் மண்ணிறத் தாளில் வெள்ளைப் பென்சில் திடீரென உயிர்பெறுகின்றது. வெள்ளைத் தாளில் வெளிச்சம் என்பது தீட்டாது விட்ட இடம். மண்ணிறத் தாளிலோ வெளிச்சத்தை வரைந்தே உண்டாக்கவேண்டும். வரைபவனின் சிந்தனை முறையே அங்குத் தலைகீழாகின்றது. இழைத்த பலகையிலே தேய்த்தால் மரத்தின் வைரம் தானாகவே மேலெழுந்து சித்திரத்திற் பங்குகேட்கும். அரத்தாளில் வரைந்தால் நிறம் வெல்வெற்றுப்போல் அடர்ந்து படியும். ஆனால் அரை நாளிற் பென்சில் பாதியாகும். தகரம் அதை ஏற்காது. சுண்ணத்தூளைப் பசையிற் குழைத்துப் பூசிக் காயவிட்டபின்னரே ஏற்கும். நீர்வண்ணத்தோடு சேர்க்குங்கால் நீர்வண்ணமே முந்த வேண்டும். மெழுகு படிந்த இடத்தில் நீர் நில்லாது விலகியோடும். அவ்வாறு விலகியோடுவதையே விரும்புவோன் முறையை மாற்றிக்கொள்ளலாம். கலப்பு ஊடகம் என்ற பெரும்பெயர் இத்தகைய சிறு ஒழுங்குகளின்மீதே நிற்கின்றது. எது முதல், எது பின், எது எதை ஏற்கும், எது எதைத் தள்ளும் என்பவற்றைக் கைபழகி அறிவதே அதன் இலக்கணம். இது சமையலுக்கும் பொருந்தும் இலக்கணமாதலின், ஓவியரினும் அடுக்களையிற் பழகியோர் இதை விரைவாக விளங்கிக்கொள்வர்.

பனையோலையை எடுத்துக்கொள்வோர் இன்னும் வியப்பான ஒன்றைக் காண்பர். உடுப்பிட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சிவசம்புப் புலவர் வாழ்ந்த ஊர். அவருடைய காலம் ஏடும் கடுதாசியும் அருகருகே வழங்கிய காலம். அச்சுப்பொறியும் எழுத்தாணியும் ஒரே சமூகத்தில் வேலைசெய்த காலம். ஓலையிலே எழுதுவோர் முதலிற் கீறினர். பின்னர்க் கரியை ஓலை முழுவதும் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்தனர். மேற்பரப்பு தூய்மையுற, பள்ளத்திற் புகுந்த கரி மாத்திரம் எழுத்தாக நின்றது. இனி, கடுதாசியிலே மையில்லா முனையொன்றால் அழுத்திக் கீறி, அதன்மேல் நிறப்பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நடப்பது நேர்மாறானது. பென்சில் மேட்டிலே ஓடிப் பள்ளத்தைத் தொடாது செல்கின்றது. கீறிய கோடு வெள்ளையாக மிளிர்கின்றது. மேனாட்டு நிறப்பென்சில் வழிகாட்டிகள் இதனைச் சிறப்பானதோர் உத்தியாகக் கற்பிக்கின்றன. எழுத்தாணியின் மரபில் வந்த சமூகமொன்று இவ்வுத்தியை அயலானிடம் கற்கவேண்டிய நிலையில் இருப்பது வேடிக்கையா, வேதனையா என்பதைச் சித்திர ஆசிரியர்களே கூறவேண்டும்.

ஓலையின் மேற்றோல் இயல்பாகவே மெழுகுத்தன்மை உடையது. நிறப்பென்சில் அதில் எளிதாகப் பிடியாது. அரத்தாளால் மெல்ல உரசியபின் ஓரளவு பிடிக்கும். இத்தடையை ஒரு பாடமாகக் கொண்டு, எழுத்தாணிக் கீறலையும் நிறப்பென்சிலையும் கரியையும் ஓர் ஓலையில் ஒருங்கு பழக்கும் வகுப்பொன்று வடமராட்சிப் பாடசாலை ஒன்றிலேனும் நடைபெறத் தடை யாது? ஓலைக்குப் பஞ்சமில்லை.

பரப்பறிவு இம்மண்ணில் இல்லையென்பதன்று வழக்கு. அது நிறைய உண்டு. ஆனால் ஓவியம் என்ற பெயரை அதற்கு வழங்க எவரும் ஒருப்படுவதில்லை என்பதே வழக்கு. பன்னவேலை செய்யும் பெண்கள் குருத்தோலையைச் சாயத்தில் அவித்து, சிவப்பும் பச்சையும் ஊதாவுமாய்ப் பெட்டியும் தடுக்கும் இழைக்கின்றனர். அங்கே நிறம் பரப்பின்மேல் இடப்படுவதன்று. பரப்பே நிறமாகி முடையப்படுகின்றது. கோயில் வாகனத்துக்கு நிறந்தீட்டுவோர் மரத்தின் வெடிப்பை எதனால் அடைப்பது, எப்பூச்சின்மேல் எப்பூச்சு நிற்கும் என்பனவற்றைத் தலைமுறைகளாக அறிந்தவர். மணவறைச் சோடனைக்காரர் ஓலை, துணி, பளபளக்கும் தாள், இக்காலத்து ரெஜிபோம் ஈறாகக் கையிற் கிடைத்த யாவற்றையும் ஓரிரவில் ஒன்றாக்குகின்றனர். உடுப்பிட்டிக்கு அயலிலுள்ள வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே தைப்பொங்கல் நாளில் விசித்திரப் பட்டங்கள் வானேறுகின்றன. கப்பலும் பறவையும் பாம்பும் வேறு பல உருவங்களுமாக அவை ஏறுவதைக் காண நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் திரள்கின்றனர். மூங்கில், நூல், மென்தாள், பசை, வண்ணம் என்பன சேர்ந்த இவற்றைவிடச் சிறந்த கலப்பு ஊடகப் படைப்பு எதனை எந்தக் காட்சிக்கூடத்திற் காட்ட முடியும்? ஒரு துளி பசை கூடினாற் பட்டம் சரியும். ஒரு பூச்சு வண்ணம் மிகுந்தால் நிறை கூடும். காற்றே அங்கு மதிப்பீட்டாளன். ஆயினும் அப்பட்டத்தைக் கட்டிய இளைஞன் பரீட்சை மண்டபத்திற் புகுந்ததும் வெள்ளைத் தாளின்முன் கற்றுக்குட்டியாகிவிடுகின்றான்.

யாழ்ப்பாணத்தின் நவீன ஓவிய வரலாறு நீண்டதன்று. ஆனால் அது தன் தொடக்கத்திலிருந்தே ஆசிரியர்களின் வரலாறாக இருந்தது. எஸ். ஆர். கனகசபை 1938 இல் வின்சர் ஆட் கிளப்பைத் தொடங்கினார். 1959 இல் விடுமுறைக்கால ஓவியர் கழகம் பெனடிக்ற் முதலியோரின் முயற்சியாற் பிறந்தது. அக்கழகத்திற் பலருக்குக் கற்பித்த அ. மாற்கு (1933–2000) ஒரே ஊடகத்திற் கட்டுண்டு கிடக்க மறுத்தவர். ஊடகத்தை மாற்றுவது அவருக்கு விளையாட்டன்று, தேடல். அவரைப் பற்றி 1987 இல் வெளிவந்த சிறப்பு மலர் ‘தேடலும் படைப்புலகமும்’ எனப் பெயர்பெற்றதும் பொருத்தமே. 1995 இன் பெரும் இடப்பெயர்வு அவரையும் யாழ்ப்பாணத்திலிருந்து பெயர்த்தது. அவருடைய மாணவ பரம்பரையினரிடம் அத்தேடலின் ஒரு பகுதி எஞ்சியது. பாடசாலைப் பாடத்திட்டத்தில் அது புகவில்லை.

அக்காலம் பரப்பைப் பற்றி இன்னொரு பாடமும் கற்பித்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் நூல்களும் கோடிட்ட கொப்பித்தாளில் அச்சாகி வந்தன. நீலக்கோட்டின்மேல் ஏறி நின்ற கறுத்த எழுத்தைப் படித்து வளர்ந்த தலைமுறை இன்று நடுவயதைத் தாண்டிவிட்டது. அத்தாள்கள் வெறும் பதிலீடுகளல்ல. எவ்வாண்டில், எந்நிலையில் அச்சாயின என்பதை அவை தம் கோடுகளாலேயே கூறுகின்றன. முதற்பக்கம் கிழிந்து ஆண்டு தெரியாது போன சஞ்சிகையொன்றையும் அதன் கோட்டைக் கண்டு எந்தக் காலத்ததென ஓர் ஆராய்ச்சியாளன் மதிப்பிடலாம். பரப்பு சாட்சியாகும் என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

இவ்விடத்திலே நியாயமான மறுப்பொன்று எழும். இல்லாமையை அழகென்று போற்றுவது இருப்பவரின் பொழுதுபோக்கு அன்றோ? கொப்பித்தாளில் அச்சிட்டோர் நல்ல தாள் கிடைத்திருப்பின் அதையன்றோ பயன்படுத்தியிருப்பர்? வறிய பிள்ளையை நோக்கி, உனக்குச் சீமெந்துப் பையே போதும், கன்வசு வேண்டாம் என்று கூறுவது எவ்வகை நீதி? இவ்வினாக்களை எழுப்புவோர் பகைவரல்லர். அவர்களுக்கு விடை கூறாது கடந்து செல்லும் எவ்வித பரிசோதனைக் கொள்கையும் வெறும் பாசாங்காகவே முடியும்.

விடை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலிருந்து கிடைக்கின்றது. ஏறத்தாழ 1853 இல் அடிமையாகப் பிறந்த பில் ட்ரெயிலர், தம் எண்பதாவது வயதைக் கடந்தபின், 1939 முதல் 1942 வரை, மொன்ற்கொமறி நகரத் தெருவோரத்தில் அமர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சித்திரங்களை வரைந்தார். பென்சில், நிறப்பென்சில், சுவரொட்டி வண்ணம் என்பனவே அவருடைய கருவிகள். பரப்போ எறியப்பட்ட மட்டைகள்: கறைபட்டவை, கிழிந்தவை, தொங்கவிடத் துளையிட்டவை. சாள்ஸ் ஷனன் என்ற இளம் ஓவியர் அவருக்குப் புதிய, வழவழப்பான மட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். முதியவரோ அவற்றைப் பழுக்கட்டும் என்று ஒதுக்கிவைத்துப் பழைய மட்டைகளையே விரும்பி எடுத்தார். கறையும் மடிப்பும் அவருக்கு இடையூறாகத் தோன்றவில்லை. நாயின் முதுகும் மனிதனின் கையும் எங்கே வளையவேண்டும் என்பதற்கு அவை வழிகாட்டின. நல்ல பரப்புக் கிடைத்தபோதும் அவர் தெரிந்தெடுத்தார் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. வறுமை அவரைப் பழைய மட்டையிடம் கொண்டுசென்றது. அங்கே கற்றறிந்தது அவருடைய சொத்து. வறுமை நீங்கினும் அது நீங்குவதன்று. 2018 இல் சிமித்சோனியன் அமெரிக்கக் கலைக்கூடம் அவருடைய படைப்புகளைப் பெருங்காட்சியாக வைத்தது.

ஆகவே வறிய பிள்ளைக்குக் கன்வசு வேண்டாமென்பதன்று இங்குக் கூறப்படுவது. கன்வசும் ஒரு பரப்பு, பலவற்றுள் ஒன்று. அதனைப் பெறும் உரிமையும் வேண்டும். அது கிடைக்கும்வரை ஓவியன் பிறக்கவில்லை என்ற மூடக் கருத்தை மறுக்கும் அறிவும் வேண்டும். டேவிட் ஹொக்னி எழுபதுகளில் வேண்டிய எவ்வூடகத்தையும் வாங்கும் வசதியுடையவராய் இருந்தார். எனினும் தம் நண்பர்களின் உருவங்கள் பலவற்றுக்கு நிறக்குச்சிகளையே தெரிந்தார். ஏணியின் உச்சியில் நின்ற ஒருவர் கீழ்ப்படியிலுள்ளதை எடுத்தார் என்றால் அங்கே ஏணியே இல்லையென்பதுதான் பொருள்.

இனி மறுபக்கத்தாரையும் நோக்கவேண்டும். புதுமை வேட்கையினர் என அவர்களைக் கூறலாம். வெள்ளைத் தாளைப் போற்றுவோர் பரப்பை மறந்தனர் எனின், இவர்கள் பரப்பை விலைப்படுத்துகின்றனர். முட்கம்பித் துண்டொன்று, துருவேறிய சன்னக் கோதொன்று, எரிந்த துணியின் ஓரமொன்று. இவற்றைப் பலகையில் ஒட்டி நடுவே நிறப்பென்சிலால் ஒரு கண்ணை வரைந்துவிட்டாற் போரின் துயரம் வெளிப்பட்டுவிடும் என்று நம்புவோர் உளர். ஒட்டப்பட்ட பொருள் சித்திரத்துக்காகப் பேசுமேயன்றிச் சித்திரம் அப்பொருளோடு பேசுவதில்லை. முட்கம்பியை ஒட்டியவரிடம் அதற்குப் பதிலாக வேலிக்கம்பியை ஒட்டினால் என்ன மாறும் என்று வினவினால் விடை இராது. பார்வையாளரின் இரக்கத்தை முற்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும் இச்செயலுக்குக் கலப்பு ஊடகம் என்ற பெயர் தகாது. வெள்ளைத் தாளிற் பழகிய சோம்பலைவிட இது கேடானது. ஏனெனில் இது பிறர் பட்ட துன்பத்தை மூலப்பொருளாகக் கொண்டு சோம்பியிருப்பது.

பரப்பும் ஊடகமும் ஒன்றையொன்று வேண்டி நிற்கும் படைப்புக்கு எடுத்துக்காட்டு வேண்டுவோர் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்ற கலைநூலை நோக்கலாம். ஒல்லாந்தர் காலத்துக் காணிப்பதிவேடே தோம்பு. இடம்பெயர்ந்த மக்கள் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தனர். அதனையடுத்துக் கட்டடக்கலைஞரின் அளவுக்குட்பட்ட படம். அதனையடுத்து ஓவியரின் உலர்பஸ்ரல் சித்திரம். எல்லாம் அலுவலகக் கோவையொன்றின் தோற்றத்திற் கட்டப்பட்டுள்ளன. ஓவியப் பயிற்சி எதுவுமற்ற கையொன்று, கிணறு எங்கிருந்தது, முற்றத்து மாமரம் எங்கிருந்தது எனத் தடுமாறிக் கீறிய கோடும், அளவுகோல் கொண்டு இழுத்த கோடும், தூளாகி உதிரும் பஸ்ரலும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது மூன்று ஊடகங்களும் மூன்று வகை நினைவாகின்றன. அரசாங்கப் பதிவேட்டின் தோற்றமே அங்குப் பரப்பு. அதை நீக்கிச் சித்திரங்களை மாத்திரம் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினாற் படைப்பின் பாதி இறந்துவிடும். முட்கம்பி ஒட்டுவோர் கற்கவேண்டிய இடம் இது.

அவ்வாறே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பயின்ற மலையக ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயம் ஊறிய தாளையும் பயன்படுத்திய தேயிலைப் பைகளையும் வடிகளையும் தம் படைப்புகளுக்குப் பரப்பாகக் கொண்டார். தோட்டத் தொழிலாளரின் வாழ்வை வரைய அவர்களின் உழைப்பாற் கறைபட்ட பொருளையே தெரிந்தமை புதுமைக்காக அன்று. அங்கே கறையை நீக்கிவிட்டால் வரைய எதுவும் எஞ்சாது.

இறுதியாக நிலைபேறு பற்றிய மறுப்பு. நிறப்பென்சில் மங்கும், மட்டை மஞ்சளாகும், கறையான் தின்னும், ஆதலின் இவற்றில் உழைப்பது வீண் என்பர். உண்மைகள் சில இதில் உள. மெழுகு மிகுந்த நிறப்பென்சிற் சித்திரத்தின்மேல் நாளடைவில் வெண்மையான மெல்லிய பூப்பொன்று தோன்றும். மென்றுணியால் ஒற்றித் துடைத்தால் நீங்கும். மலிவான பென்சில்களின் இளஞ்சிவப்பும் ஊதாவும் வெயிலில் விரைந்து வெளிறும். வடபகுதியின் வெயிலுக்கு நேரே தொங்கவிடத்தக்கனவல்ல அவை. பத்திரிகைத்தாளும் மலிவான மட்டையும் தம்முள் இருக்கும் அமிலத்தாலேயே நொறுங்கும். இவையெல்லாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகளேயன்றி ஊடகத்தை விலக்குதற்குரிய காரணங்களல்ல. ஓலையும் அழியக்கூடியதே. ஓலையிலே எழுதிய சமூகம் அதற்கு எண்ணெய் பூசிப் பேணியது, முதிர்ந்தபோது பெயர்த்தெழுதியது. நிலைபேறு என்பது பொருளின் குணமன்று, பேணுவோரின் குணம். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அவற்றுள் நல்ல தாளில் அச்சான நூலும் கிடந்தது. பழுதுற்ற ஏடும் கிடந்தது. நெருப்பு வேறுபாடு பார்க்கவில்லை.

பேணுதலில் ஒரு பல்கலைக்கழகத்தான் என்ன செய்ய இயலும் என்பதற்கு மாட்டின் ராமிரெஸின் (1895–1963) வரலாறு சான்று. மெக்சிக்கோவிலிருந்து வேலைதேடி அமெரிக்கா சென்ற அவர் தம் வாழ்வின் பிற்பாதியைக் கலிபோர்ணியாவின் மனநோய் மருத்துவமனைகளிற் கழித்தார். கடைப் பைகள், கடித உறைகள், நோயாளரைப் பரிசோதிக்கும் மேசையில் விரிக்கும் தாள் ஆகியவற்றைக் கிழித்து, உருளைக்கிழங்கு மாவையும் எச்சிலையும் பசையாக்கி ஒட்டி, ஆளுயரப் பரப்புகளை உண்டாக்கினார். அவற்றிலே பென்சிலாலும் நிறக்குச்சிகளாலும் சுரங்கங்களையும் புகையிரதங்களையும் குதிரை வீரரையும் வரைந்தார். குப்பையென எறியத்தக்க அத்தாள்களை உளவியற் பேராசிரியர் ரார்மோ பாஸ்ரோ சேர்த்துக் காத்தார். அவர் ஓவிய வணிகரல்லர். மாணவருக்குக் கற்பிக்கும் ஆசிரியர். 2015 இல் அமெரிக்க அஞ்சற்றுறை ராமிரெஸின் சித்திரங்களை அஞ்சற்றலைகளாக வெளியிட்டது. அப்பேராசிரியர் காக்காது விட்டிருப்பின் அஞ்சற்றலைக்கு எடுக்கச் சித்திரம் இருந்திராது.

இதனை வாசிக்கும் விரிவுரையாளர் பலரின் வீட்டு அலுமாரிகளில் தொண்ணூறுகளின் கொப்பித்தாட் சஞ்சிகைகள் கிடக்கக்கூடும். அகதி முகாம்களிலும் இடம்பெயர்ந்த பாடசாலைகளிலும் பிள்ளைகள் நிறப்பென்சிலால் வரைந்த படங்கள் எங்கோ ஒரு ஆசிரியரின் பெட்டியிற் கிடக்கக்கூடும். அவை எவற்றின்மேல் வரையப்பட்டன, அத்தாள் எங்கிருந்து வந்தது, அந்தப் பென்சில் எவர் கொடுத்தது என்பனவற்றைக் கூறவல்லோர் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கின்றனர். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் எடுக்கும் விழாக்களில் ஒன்றன் செலவைக் கொண்டு அவற்றைத் தேடிச் சேர்த்து, அமிலமற்ற உறைகளில் இட்டு, பரப்பும் ஊடகமும் குறித்த விவரப்பட்டியலோடு நூலகத்தில் வைக்க முடியும். நுண்கலை மாணவர் ஒருவரின் ஒரு தவணை வேலைக்கு அது போதுமானது. பாடசாலைச் சித்திர ஆசிரியர்களோ இதற்குப் பணம் கேட்டுக் காத்திருக்கவேண்டியதில்லை. அடுத்த தவணையின் முதல் மாதத்தில் வெள்ளைத் தாளை அலுமாரியிற் பூட்டிவிட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து ஒரு பரப்பைக் கொண்டுவரவேண்டும் என்று பணிக்கலாம். உடுப்பிட்டியில் ஓலையும், சீமெந்துப் பையும், உடைந்த ஓடும், பழைய நாட்காட்டி மட்டையும் இல்லாத வீடு அரிது.